முந்தானையை இடுப்பில் செருகு

தோகைமலை
ஆனி 10

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. அங்கன்வாடிப் பணியாளர் ஆர்டர் உன் கைக்கு வந்துவிட்டதாகத் தம்பி சொன்னபோது, என் பழைய மையத்தின் சாவிக்கொத்து காதருகே குலுங்கியது போல இருந்தது. அன்று ராத்திரியே நீ கூப்பிட்டுக் கேட்டாய்: "திரும்பவும் கொரோனா மாதிரி ஒண்ணு வந்தா, இத்தனை பிள்ளைங்கள வெச்சுக்கிட்டு என்ன அத்தை பண்றது?" போனில் ஏதோ அரைகுறையாகச் சொல்லிவைத்தேன். அப்புறம் தூக்கம் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

கொரோனா சமயத்தில் வந்த விதிகளெல்லாம் பேங்க் கவுண்டருக்கும் ரேஷன் கடைக்கும் எழுதியவை. ஆறடி தள்ளி நில் என்றார்கள். ஆறடி தள்ளி நின்று எந்தப் பிள்ளைக்கு மூக்குச் சிந்திவிட முடியும்? மூன்று வயசுப் பையன் படியில் விழுந்து நெற்றி புடைத்து அழுதால், உன் கை தானாக நீளும். நீளாத கை இருந்தால் இந்த வேலைக்கு வரவே கூடாது. ஆகவே பிள்ளையைத் தூக்கத்தான் போகிறோம் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டு, மற்றதையெல்லாம் அதைச் சுற்றி யோசி.

அப்படி யோசித்தால் முதல் எதிரி உன் முந்தானைதான். இருபத்தெட்டு வருஷம் நான் அதில் என்னவெல்லாம் செய்தேன் என்று நினைத்துப் பார்க்கிறேன். சுடுசட்டி இறக்கினேன், பிள்ளைகளின் மூக்கையும் வாயையும் துடைத்தேன், அதே துணியில் என் முகத்து வியர்வையை ஒற்றினேன், சாப்பிட்ட கையைத் துடைத்தேன். வகுப்பில் ஒரு பிள்ளையின் சளியை இன்னொரு பிள்ளையின் கன்னத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது ஈ இல்லை, நான். காலையில் மையத்துக்குள் நுழைந்ததும் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகு. மூக்குத் துடைக்கப் பழைய வேட்டித் துணியைக் கிழித்து ஆளுக்கு ஒன்றாகச் சட்டையில் ஊக்குப் போட்டுக் குத்தி அனுப்பத் தாய்மார்களிடம் சொல். சாயங்காலம் அது பிள்ளையோடு வீட்டுக்குத் துவைக்கப் போய்விடும்.

2020இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கென்று தனியாக ஒரு யோசனை சொன்னது. தொளதொளவென்ற முழுக்கைச் சட்டை ஒன்றை உடுப்புக்கு மேல் போட்டுக்கொள், தலைமுடியைத் தூக்கி முடி, பிள்ளையின் எச்சிலோ சளியோ பட்டால் சட்டையை மாற்று, கழுத்தையும் கையையும் கழுவு என்று. படித்துவிட்டுச் சிரித்தேன். நம் ஊரில் களையெடுக்கப் போகிறவர்கள் சேலைக்கு மேல் புருஷன் சட்டையை மாட்டிக்கொண்டு போவது நேற்று வந்த வழக்கமா? ஆனால் அந்த யோசனையில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. பிள்ளையைத் தூக்காதே என்று அது சொல்லவில்லை. தூக்கு, தூக்கிய பிறகு கழுவு என்றது. இரண்டு சட்டை வைத்துக்கொள். ஒன்று உடம்பில், ஒன்று ஆணியில்.

கை கழுவுவதைப் பற்றி உனக்குப் பயிற்சியில் படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். குறைந்தது 20 விநாடி. பிள்ளைகளுக்கு விநாடிக் கணக்கு தெரியாது. நிலாப் பாட்டை இரண்டு தடவை பாடவை, சரியாக இருக்கும். கொரோனா வைரஸைச் சுற்றிக் கொழுப்பால் ஆன ஓர் உறை உண்டு. எண்ணெய்ச் சட்டியில் சோப்பு செய்கிற வேலையைத்தான் அங்கேயும் செய்கிறது; உறை கிழிந்தால் கிருமி ஒழிந்தது. வந்தவுடன், சோற்றுக்கு முன், கக்கூஸ் போய் வந்தபின், மூக்குத் துடைத்தபின் என்று அத்தனை தடவையும் கழுவத் தண்ணீர் வேண்டுமே என்பாய். பழைய எண்ணெய் கேனில் ஓட்டை போட்டு, குச்சி செருகித் தொங்கவிட்டோம். ஒரு கேன் தண்ணீரில் எல்லாப் பிள்ளைக்கும் ஆயிற்று. அந்தச் சமயம் ஊர் முழுக்க வாசலில் டிரம் வைத்தார்கள், நல்லதுதான். ஆனால் மூடாத டிரம்மில் டெங்கு கொசு முட்டையிடும். வாரம் ஒருமுறை கொட்டி, உள்பக்கம் தேய்த்துக் கவிழ்க்காவிட்டால் ஒரு நோயைத் துரத்தி இன்னொன்றைக் கூட்டிவந்தவர்கள் ஆவோம்.

சானிடைசர் பாட்டிலை மட்டும் பிள்ளைக் கைக்கு எட்டுகிற இடத்தில் வைக்காதே. அது சாராயம். 2021 ஜனவரி கடைசி நாளில் மகாராஷ்டிரத்து யவத்மால் மாவட்டத்தில் போலியோ சொட்டு மருந்துக்குப் பதிலாக ஐந்து வயசுக்கு உட்பட்ட 12 பிள்ளைகளுக்கு சானிடைசரை ஊற்றிவிட்டார்கள். பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் பிழைத்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று போய் என் அலமாரியில் எது எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்தேன். நல்லவேளை என்று சொல்லிக்கொள்ள முடியவில்லை. சமையல் செய்கிற உதவியாளர் அதைத் தேய்த்த கையோடு அடுப்புப் பக்கம் போகவே கூடாது, பற்றிக்கொள்ளும். இன்னொன்று, கொழுப்பு உறை இல்லாத கிருமிகளிடம் அதன் பாச்சா அவ்வளவாகப் பலிக்காது. 2022இல் கொல்லம் பக்கம் சின்னப் பிள்ளைகளுக்கு வந்த தக்காளிக் காய்ச்சல், பேதி உண்டாக்கும் ரோட்டா வைரஸ் எல்லாம் அந்த ரகம். அடுத்து வரப்போவது எந்த ரகமோ. சோப்பும் ஓடும் தண்ணீரும் இரண்டு ரகத்துக்கும் ஆகும்.

இனி நான் செய்த தப்பைச் சொல்கிறேன். கொரோனாவுக்குப் பூட்டியிருந்த மையத்தை மறுபடி திறந்த புதிதில், தரையை, பாயை, பொம்மையை, ஜன்னல் கம்பியை எல்லாம் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தேன். கை தோல் உரிந்தது. துடைத்து முடித்து, தெருப்புழுதி வரும், காக்கை வரும் என்று ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே பிள்ளைகளை வரிசையாகப் படுக்கவைத்தேன். பிற்பாடுதான் தெரிந்தது, பேசும்போதும் இருமும்போதும் அழும்போதும் வெளிவருகிற நுண்ணிய துளிகள் மூடிய அறைக் காற்றில் வெகுநேரம் மிதக்கும் என்று. கிருமி பட்ட பொருளைத் தொட்டு கொரோனா தொற்றும் வாய்ப்பு ஒரு தொடுகைக்குப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க மையமே 2021 ஏப்ரலில் சொல்லிவிட்டது. நான் கம்பியைத் துடைத்தேன், ஜன்னலைத் திறக்கவில்லை! காக்கைக்கு வலை அடி. எதிரெதிர் ஜன்னலைத் திறந்து வை. காலைப் பாட்டும் கதையும் புங்கமரத்தடியில் நடக்கட்டும். தூங்கவைக்கும்போது ஒரு பிள்ளையின் தலைப்பக்கம் அடுத்த பிள்ளையின் கால் வருகிற மாதிரி பாயை மாற்றி மாற்றிப் போடு. மூச்சு முகத்துக்கு நேர் போகாது.

பிளீச்சிங் பவுடர் வேண்டாம் என்று சொல்லவில்லை. கக்கூஸுக்கும் வாந்தி பேதி பட்ட இடத்துக்கும் அது இல்லாமல் முடியாது. முதலில் சோப்புத் தண்ணீரால் அழுக்கை எடு. அழுக்கின் மேல் ஊற்றினால் வீண். நல்ல பவுடர் என்றால் லிட்டருக்கு 3 கிராம், சுமார் 0.1 சதவீதக் கரைசல் கிடைக்கும். பத்து நிமிஷம் விட்டுத் துடை. அன்றன்றைக்குக் கரைப்பதுதான் வேலை செய்யும். பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகுதான் இதெல்லாம். ஒருநாள் எங்கள் உதவியாளர், பளிச்சென்று ஆகட்டும் என்று கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டையும் அதோடு சேர்த்து ஊற்றிவிட்டாள். குளோரின் வாயு குப்பென்று கிளம்பியது. ரெண்டு பேரும் கண்ணில் நீர் வழிய, இருமிக்கொண்டே ரோட்டுக்கு ஓடினோம். ஆள்மேல் அடிக்கிற மருந்தும் வேண்டாம். 2020 ஏப்ரலில் திருப்பூர்ச் சந்தை வாசலில் கிருமிநாசினிச் சுரங்கம் வைத்தார்கள், ஊரெல்லாம் அதைப் பார்த்து வைத்தார்கள். அதே மாதத்தில் அரசு சுகாதாரத் துறை வேண்டாம் என்று நிறுத்திவிட்டது. நோய் மூச்சுக்குழாய்க்குள் இருக்க, மருந்தைத் தோளில் தெளித்து என்ன பிரயோசனம்?

மாஸ்க் உனக்குத்தான், பிள்ளைக்கு இல்லை. ஐந்து வயசும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளுக்குக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2020 ஆகஸ்டில் சொல்லிவிட்டன. பிள்ளை அதைக் கழற்றித் தரையில் போடும், பக்கத்துப் பிள்ளையோடு மாற்றிக்கொள்ளும், வாயில் வைத்துச் சப்பும். என் மாஸ்க்கைக் கண்டு ஒரு பெண்பிள்ளை வாசலைத் தாண்ட மறுத்துவிட்டது. அதற்கு மட்டும் தினமும் முற்றத்தின் அந்தக் கோடியில் நின்று மாஸ்க்கை இறக்கி, பல்லைக் காட்டிச் சிரித்துவிட்டு, மறுபடி ஏற்றிக்கொண்டு கிட்டே போவேன். நாலாம் நாள் மாஸ்க்கை அதுவே என் மூக்குக்கு மேல் இழுத்துவிட்டது.

இதையெல்லாம் விடக் கஷ்டமானது காய்ச்சல் பிள்ளையை வாசலில் கண்டுபிடிப்பது. தெர்மாமீட்டர் 100.4 காட்டினால் திருப்பி அனுப்பு என்று எழுதிக் கொடுப்பார்கள். அந்தத் தாய் நூறு நாள் வேலைக்கோ கொத்து வேலைக்கோ போகிறவள். பிள்ளையைத் திருப்பி அனுப்பினால் அவள் கூலி போயிற்று. அதனால் விடியற்காலை காய்ச்சல் மருந்தைப் புகட்டிக் கொண்டுவந்து விடுவாள். பத்து மணிவரை நெற்றி குளிர்ந்திருக்கும், பதினொன்றரைக்குச் சோறு வைக்கும்போது கொதிக்கும். நீ அவளை வாசலில் நாலு பேர் முன்னால் வைதால், அடுத்த தடவை இன்னும் நன்றாக மறைப்பாள். நான் மாற்றிக் கேட்கப் பழகினேன்: "ராத்திரி தூங்குனானா? காலையில என்ன மருந்து குடுத்த?" கோபமில்லாமல் கேட்டால் பதில் வரும். அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகினால் யாரும் படியேறமாட்டோம், அந்த வீட்டுக்காரரைக் குறைவாகவும் நினைக்கமாட்டோம் இல்லையா? அந்தப் பேச்சை எடுத்துச் சொன்னால் நம் ஜனத்துக்குச் சட்டென்று பிடிபடும். வீட்டில் வைத்துக்கொண்ட பிள்ளையின் சாப்பாட்டுப் பங்கை அன்றைக்கே வீட்டுக்குக் கொடுத்தனுப்ப முடியுமா என்று உன் சூப்பர்வைசரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்.

பிள்ளைக்கு மூச்சு வாங்கினால் மட்டும் காத்திருக்காதே. அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, முழுதாக ஒரு நிமிஷம் எண்ணு. ஒரு வயசிலிருந்து ஐந்து வயசுக்குள் 40 அல்லது அதற்கு மேல் என்றால் வேகமான மூச்சு. இரண்டு மாசம் முடிந்து ஒரு வயசு ஆகாத கைக்குழந்தைக்கு 50. விலாவுக்குக் கீழே குழிவிழுந்தால், தண்ணீர்கூட இறங்காவிட்டால், துவண்டுபோனால், வலிப்பு வந்தால் உடனே 108க்குப் போன் போடு. யாரிடமும் அனுமதி கேட்காதே. நோய் ஆறி இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி காய்ச்சல், கண் சிவப்பு, தடிப்பு என்று வந்தாலும் சும்மா விடாதே. கொரோனாவில் அப்படிச் சில பிள்ளைகள் படுத்தார்கள்.

இன்னொரு சமாச்சாரம், எந்தச் சுற்றறிக்கையிலும் கடைசியில்தான் வரும். 2020 மார்ச் நடுவில் மையத்தைப் பூட்டினோம். அரிசி, பருப்பு, முட்டை, சத்துமாவு எல்லாம் வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுத்தோம். திண்ணையில் வைத்துவிட்டு நகர்ந்து நின்றோம். ஆனால் வீட்டுக்குப் போன முட்டை வீட்டுக்கெல்லாம் பங்காகும். வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிற பெரியவனுக்கு முன்னால் சின்னதுக்கு மட்டும் எந்தத் தாய் உரித்துக் கொடுப்பாள்? நோய்க் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வெளியே மையங்களைத் திறப்பது பற்றி மாநிலங்கள் முடிவெடுக்கட்டும் என்று உச்ச நீதிமன்றமே 2021 ஜனவரியில் சொல்ல வேண்டியிருந்தது. ஒருவழியாகத் திறந்து பிள்ளைகளைத் தராசில் தொங்கவிட்டபோது, வளர்ச்சி அட்டையில் ஏறிக்கொண்டிருந்த கோடு பல பிள்ளைகளுக்குப் படுத்துவிட்டிருந்தது. சிலதுக்கு இறங்கியிருந்தது. தட்டம்மை ஊசி தவறிய பிள்ளைகளும் இருந்தார்கள். ஆகவே பூட்டு விழுந்தாலும் உன் நோட்டில் மூன்று பட்டியல் இருக்கட்டும்: எடை குறைந்த பிள்ளை யார், ஊசி பாக்கி யாருக்கு, பால் கொடுக்கிற தாய் யார். தாய்க்கே தொற்று வந்தாலும் கை கழுவி, மாஸ்க் போட்டுத் தாய்ப்பால் கொடுக்கலாம். நம் தெருவில் ஒரு மாமியார் பிள்ளையைப் பிடுங்கி வைத்துக்கொண்டு புட்டிப்பாலும் பேதியுமாகத் திண்டாடினாள். அதை மாற்றப் பக்கத்து ஊர் நர்ஸம்மாவைக் கூட்டிக்கொண்டு இரண்டு நாள் நடந்தேன்.

அடுத்து உன் உடம்பு. எனக்குச் சர்க்கரை இருந்தது, யாரிடமும் சொல்லாமல் வீடுவீடாகக் கணக்கெடுக்கப் போனேன். அது வீரம் இல்லை, மடத்தனம். உனக்குத் தொண்டை கரகரத்தால் நீயும் லீவு போடு. மையத்தில் பெரிய ஆபத்து பிள்ளைகள் பக்கமிருந்து வருவதைவிட இருமிக்கொண்டே வேலைக்கு வருகிற டீச்சரிடமிருந்துதான் வரும். 2021 ஜனவரியில் தடுப்பூசி வந்தபோது முதல் சுற்றிலேயே அங்கன்வாடிக்காரர்களுக்கும் வைத்தார்கள். ஊரில் ஆயிரம் வதந்தி. நான் போட்டுக்கொண்டு வந்து மறுநாள் குளத்தங்கரையில் எல்லோர் கண்ணிலும் படும்படி துணி துவைத்தேன்; பேசியதைவிட அது எடுபட்டது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் கொல்லைப்புறமாகப் போ. துக்க வீட்டுக்குப் போய் வந்தால் உன் அப்பத்தா எப்படிக் குளித்துவிட்டு உள்ளே வருவாளோ அப்படி. சட்டையை வாளியில் போட்டுச் சோப்புத் தண்ணீர் ஊற்றிய பிறகு பேச்சு.

மாமாவின் முழுக்கைச் சட்டைகள் இரண்டு பெட்டியில் இருக்கின்றன. உனக்குத் தோள் கொஞ்சம் தொங்கும்; கையை மடித்துத் தைத்துக்கொள்ளலாம். ஆடி பதினெட்டுக்கு வருகிறாய் அல்லவா, எடுத்து வெயிலில் காயப்போட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
அத்தை