கேஸ் சிலிண்டரும் நம் குசினியும்: முள்ளைப் பார்த்து வாங்குவோம்



ஒரு காலத்தில் கேஸ் அடுப்பு துரை பங்களாவிலும் உத்தியோகத்தர் வீடுகளிலும் மட்டுந்தான் எரிந்தது. நமக்கு மிலாறும் விறகும்தான். இன்று அப்படியில்லை. லயத்துக் காம்பராவிலும் புதிய வீட்டுத் திட்டங்களிலும் கேஸ் அடுப்பு வந்துவிட்டது. காலையில் பிரட்டுக்குப் போகும் முன்னே பிள்ளைகளுக்கு ரொட்டி சுட்டு, தேத்தண்ணி வைத்துக் கொடுக்க அது பெரிய உதவி. விறகுப் புகையில் வரும் இருமலும் கண்ணெரிச்சலும் குறைகிறது. ஆகவே கேஸைக் கண்டு பயப்படச் சொல்லி இப்பாடத்தை எழுதவில்லை. விளங்கி வாங்கவும் விளங்கிப் பாவிக்கவும் வேண்டும் என்பதற்காக எழுதுகிறோம்.

லயத்தில் ஒரு வீட்டுக் கூரை அடுத்த வீட்டுக் கூரையோடு ஒட்டியிருக்கிறது. ஒரு காம்பராவில் பிடிக்கும் நெருப்பு அந்தக் காம்பராவோடு நிற்காது. எனவே கேஸ் இல்லாத வீட்டாரும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

1. சிலிண்டருக்குள் இருப்பது என்ன?

சிலிண்டரை ஆட்டிப் பார்த்தால் உள்ளே தண்ணீர்போல் ஏதோ அசைவது தெரியும். அதுதான் கேஸ். அமுக்கி அடைத்திருப்பதால் அது திரவமாக இருக்கிறது. அந்தத் திரவம் ஒரு லீற்றர் வெளியே வந்தால் ஏறக்குறைய 250 லீற்றர் வாயுவாக விரியும். நூறு பங்கு காற்றில் இரண்டு பங்கு கேஸ் கலந்தாலே போதும், ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும்.

அதில் இரண்டு வகை வாயு கலந்திருக்கிறது. ஒன்று புரொப்பேன், மற்றது பியூட்டேன். ஒரே வெப்பநிலையில் புரொப்பேனின் அமுக்கம் பியூட்டேனைவிட மூன்று மடங்குக்கு மேல். ஆகவே கலவையில் புரொப்பேன் கூடினால் சிலிண்டருக்குள் தள்ளும் வேகமும் கூடும். இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இன்னும் இரண்டு விஷயம். இந்த வாயுவுக்கு இயல்பாக வாடை கிடையாது. கசிந்தால் நமக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே எதில் மேர்கெப்டன் என்ற நாற்றமுள்ள பொருளைச் சேர்க்கிறார்கள். அத்தோடு, இது காற்றைவிட ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு வரை பாரமானது. புகைபோல மேலே போகாது. தரையிலே தங்கும், படி இறங்கும், கான் வழியாக அடுத்த வீட்டு வாசலுக்கும் போகும்.

2. 2021இல் நாடு கண்ட இரண்டு பாடங்கள்

முதலாவது, விலைப் பாடம். 2021இன் முற்பகுதியில் நாட்டின் பெரிய கேஸ் கம்பெனி ஒன்று புதிய சிலிண்டர் ஒன்றைச் சந்தைக்கு விட்டது. அதில் "18 லீற்றர்" என்று சொல்லப்பட்டது. விலை 1,395 ரூபா. வழக்கமான 12.5 கிலோ சிலிண்டர் அப்போது 1,493 ரூபா. பார்த்த உடனே புதியது கிட்டத்தட்ட நூறு ரூபா மலிவு என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அந்த 18 லீற்றரில் இருந்த கேஸ் 9.18 கிலோதான். கணக்குப் போட்டுப் பாருங்கள்:

பழையது: 1,493 ரூபாவை 12.5ஆல் பிரித்தால், கிலோ ஏறக்குறைய 119 ரூபா.
புதியது: 1,395 ரூபாவை 9.18ஆல் பிரித்தால், கிலோ ஏறக்குறைய 152 ரூபா.

மலிவு என்று நினைத்த சாமான் கிலோவுக்கு 33 ரூபா கூட! கிலோவில் வாங்கிப் பழகிய சனத்துக்கு லீற்றரில் எழுதிக் கொடுத்தால் எப்படிப் பிடிபடும்? பாவனையாளர்கள் குரல் எழுப்பினார்கள், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையும் தலையிட்டது. அளவை மாற்றி விலையை மறைக்கும் வேலை கேஸில் மட்டுமில்லை. பிஸ்கட் பக்கெட்டிலும் சவர்க்காரத்திலும் பால்மாவிலும் நடக்கிறது. விலை அப்படியே இருக்கும், உள்ளே கிராம் குறைந்திருக்கும்.

இரண்டாவது, உயிர்ப் பாடம். அதே 2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் நாடெங்கும் கேஸ் கசிவும் வெடிப்பும் நூற்றுக்கணக்கில் நடந்தன. கண்ணாடி அடுப்புகள் சிதறின, வீடுகள் எரிந்தன, உயிரும் போனது. பழைய குழாய், தரமில்லாத ரெகுலேட்டர் என்று முதலில் பேசப்பட்டது. அதிலும் உண்மை உண்டு. ஆனால் பழைய குழாய்கள் அதற்கு முந்திய வருடங்களிலும் இருந்தனவே? இதை ஆராய ஜனாதிபதி நியமித்த குழு, கேஸ் கலவையில் செய்யப்பட்ட மாற்றமே முக்கிய காரணம் என்று கூறியது. புரொப்பேனின் பங்கு கூட்டப்பட்டிருந்தது. அமுக்கம் கூடினால் தளர்ந்த இடத்தில் கசியத்தானே செய்யும்?

இதில் நமது கருத்து ஒன்றுதான். ஒரு கம்பெனி கலவையை மாற்ற விரும்பினால், அதை வாங்கும் சனத்திடம் முதலில் சொல்ல வேண்டும். மூன்று மொழியிலும் சொல்ல வேண்டும். அடுப்பு மூட்டும் அம்மாவுக்குத் தெரியாமல் அவள் குசினியில் பரீட்சை நடத்தக்கூடாது.

3. மடுவத்தில் பார்ப்பதுபோல் கடையிலும் பாருங்கள்

கொழுந்து நிறுக்கும்போது நம் பெண்களின் கண் எங்கே இருக்கும்? தராசு முள்ளில்தான். அரைக் கிலோ குறைந்தாலும் "ஐயா, இன்னொருக்கா நிறுங்க" என்று கேட்கிறோம். அதே கெட்டிக்காரத்தனம் கேஸ் கடைக்குப் போனால் எங்கே போகிறது? ஆயிரக் கணக்கில் காசைக் கொடுத்துவிட்டு, சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு பேசாமல் வந்துவிடுகிறோம்.

ஒவ்வொரு சிலிண்டரிலும் அதன் வெறும் பாரம் எழுதப்பட்டிருக்கும். அதோடு கேஸின் பாரத்தைக் கூட்டினால் முழுப் பாரம் வரும். உதாரணமாக வெறும் பாரம் 13.6 கிலோ என்றால், 12.5 கிலோ கேஸோடு 26.1 கிலோ இருக்க வேண்டும். கடையில் தராசில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கோபித்துக்கொள்ளத் தேவையில்லை. "தம்பி, ஒருக்கா நிறுத்துக் காட்டுங்க" என்று மரியாதையாகக் கேட்டால் போதும்.

வாங்கும்போது இன்னும் மூன்றைக் கவனியுங்கள்:

சீல் உடையாமல் இருக்கிறதா? உடைந்திருந்தால் வாங்க வேண்டாம்.

கடையில் ஒட்டியிருக்கும் அதிகபட்ச சில்லறை விலை என்ன? போக்குவரத்துச் செலவால் மாவட்டத்துக்கு மாவட்டம் விலை கொஞ்சம் வித்தியாசப்படலாம். அதற்கு மேல் கேட்டால் கேள்வி கேளுங்கள்.

பில் வாங்கினீர்களா? நீங்கள் கேட்டால் பில் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. நுகர்வோரைப் பாதுகாக்க 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. முறைப்பாடு செய்ய 1977 என்ற இலக்கத்துக்குப் பேசலாம். பில் இல்லாத முறைப்பாடு காலில்லாத மேசை மாதிரி, நிற்காது.

4. வீட்டில் பொருத்தும்போது

சிலிண்டரை நிமிர்த்தி, சமமான தரையில் வையுங்கள். சாய்த்தோ படுக்க வைத்தோ பாவித்தால் வாயுவுக்குப் பதில் திரவமே வெளியே வரும். குழிக்குள்ளும் மூடிய அலுமாரிக்குள்ளும் வைக்க வேண்டாம். அடுப்பு மேசை மேலேயும் சிலிண்டர் தரையிலும் இருப்பதே முறை.

றப்பர் குழாயை மாதம் ஒருமுறை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் மாற்றுங்கள். வெடிப்பு இல்லாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. நமது லயங்களில் எலித் தொல்லை சொல்லத் தேவையில்லை, குழாயையும் கடித்து வைக்கும். குழாயின் இரண்டு முனையிலும் கிளிப் இறுக்கமாக இருக்க வேண்டும். கம்பியாலும் றப்பர் பட்டியாலும் கட்டுவது கூடாது.

புதிய சிலிண்டர் பொருத்திய ஒவ்வொரு முறையும் சவர்க்காரத் தண்ணீரை நுரைக்கக் கலக்கி ரெகுலேட்டரிலும் குழாய் முனைகளிலும் பூசுங்கள். நுரை குமிழ் விட்டுப் பெருத்தால் கசிவு இருக்கிறது. எக்காரணம் கொண்டும் நெருப்புக் குச்சியைக் கொளுத்திப் பார்க்க வேண்டாம். சமைக்கும்போது முதலில் குச்சியைக் கிழித்துவிட்டுத் திருகைத் திறவுங்கள். படுக்கப் போகுமுன் ரெகுலேட்டரை மூடுங்கள்.

5. குளிரும் விறகடுப்பும்

நுவரெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு இது. "சார், விடியக்காலையில நெருப்பு மங்கிப் போகுது, கேஸ் முடியாமலே முடிஞ்ச மாதிரி இருக்கு" என்கிறார்கள். காரணம் கம்பெனி ஏமாற்று மட்டுமில்லை. பியூட்டேன் பூச்சியம் பாகை அளவுக்குக் குளிர்ந்தால் வாயுவாக மாறாமல் திரவமாகவே தங்கிவிடும். குளிர் கூடக் கூட அதன் அமுக்கம் குறையும். வெயில் ஏறினால் நெருப்பும் சரியாகிவிடும்.

அதற்காகச் சிலிண்டரைச் சூடாக்கக்கூடாது. சுடுதண்ணீர் ஊற்றுவது, விறகடுப்புக்குப் பக்கத்தில் தள்ளி வைப்பது, தணலைக் கிட்டக் கொண்டு போவது எல்லாம் உயிரோடு விளையாடும் வேலை.

பல வீடுகளில் விறகடுப்பும் கேஸ் அடுப்பும் ஒரே குசினியில்தான். வேறு இடம் இல்லை என்பது நமக்கும் தெரியும். அப்படியானால் இரண்டையும் ஒரே நேரத்தில் எரிக்க வேண்டாம். சிலிண்டரை விறகடுப்பிலிருந்து முடிந்தளவு தூரத்தில், கதவுப் பக்கமாக வையுங்கள். குசினிக்கு யன்னல் இல்லையென்றால் அதை எழுத்தில் எமக்குத் தாருங்கள்.

விறகடுப்பை இடித்துவிடவும் வேண்டாம். 2022இல் டவுனில் சனங்கள் வெறும் சிலிண்டரோடு இரவு பகலாக வரிசையில் நின்றார்கள். அவ்வருடம் ஏப்ரல் மாதம் 12.5 கிலோ சிலிண்டரின் விலை 4,860 ரூபாவரை ஏறியது. அந்நேரம் நம் மிலாறுதான் சோறு வடித்தது. கேஸ் மறுபடி தட்டுப்படும் என்று பயந்து மூன்று நான்கு சிலிண்டரைக் காம்பராவில் அடுக்கி வைப்பதும் ஆபத்து.

6. வாடை வந்தால்

மனப்பாடம் செய்ய வேண்டிய பகுதி இதுதான். வீட்டில் தனியாக இருக்கும் பிள்ளைக்கும் பாட்டிக்கும் சொல்லிக் கொடுங்கள்.

லைட் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். அதன் சிறு பொறியே போதும். போனையும் உள்ளே நின்று பாவிக்க வேண்டாம்.

எரிகிற விளக்கு, அடுப்பு எல்லாவற்றையும் அணையுங்கள். ரெகுலேட்டரை மூடுங்கள்.

கதவு, யன்னல் முழுவதையும் திறந்துவிட்டுப் பிள்ளைகளோடு வெளியே வாருங்கள்.

பக்கத்துக் காம்பராக்களுக்குச் சத்தம் போட்டுச் சொல்லுங்கள். அவர்களும் அடுப்பையும் சாமி விளக்கையும் அணைக்க வேண்டும். வெட்கப்பட்டு மறைக்கும் விஷயம் இதுவல்ல.

வாடை முற்றாகப் போகும்வரை உள்ளே போக வேண்டாம்.

யாருக்காவது நெருப்புச் சுட்டுவிட்டால், ஓடும் குளிர்ந்த தண்ணீரை இருபது நிமிடம் சுட்ட இடத்தில் ஊற்றுங்கள். பற்பசை, தேங்காயெண்ணெய், மஞ்சள் எதுவும் பூச வேண்டாம். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்பியூலன்ஸ் வரும். தோட்டத்தின் பெயரோடு டிவிஷன், லய இலக்கம், எந்தச் சந்தியில் திரும்ப வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். ஒருவர் ரோட்டுக்கு ஓடிப்போய் வழிகாட்டி நிற்கட்டும்.

முடிவாக

புதிய சாதனம் வீட்டுக்கு வருவது நல்லதுதான். கம்பெனிக்காரர் எல்லோரும் கள்ளர் என்று சொல்வதும் சரியல்ல, பேர்பெற்ற கம்பெனி என்பதால் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதும் சரியல்ல. சட்டம், அதிகார சபை, குழு அறிக்கை எல்லாம் விபத்துக்குப் பிறகு வந்து சேரும். குசினிக்குள் முதலில் நிற்பது நம் மூக்கும் கையும் கண்ணும்தான். சவர்க்காரத் தண்ணீருக்குச் செலவு ஐந்து ரூபாகூட இல்லை.

லயக் கூட்டத்தில் கூடிப் பேச:

1. நமது லயத்தில் எத்தனை வீட்டில் கேஸ் இருக்கிறது? எந்த வீட்டுக் குழாய் இரண்டு வருடத்துக்கு மேல் பழையது?

2. ஒரே பக்கெட்டின் விலை மாறாமல் கிராம் குறைந்ததை யார் கண்டீர்கள்? பழைய பக்கெட்டைக் கொண்டு வந்து காட்டுங்கள்.

3. கடையில் பில் கேட்கும்போது என்ன பதில் கிடைக்கிறது? தனியாகக் கேட்க முடியாவிட்டால் நான்கு பேராகப் போய்க் கேட்கலாமா?

4. ஒரு வீட்டில் வாடை வந்தால் முழு லயத்துக்கும் எப்படிச் செய்தி சொல்வது? தகரத்தைத் தட்டுவதா, மணி அடிப்பதா? இப்போதே முடிவு செய்து, பிள்ளைகளோடு ஒருமுறை செய்து பாருங்கள்.