ஆயாவும் ஓர் ஆசிரியையே

பொழுது புலருமுன் பிரட்டுக்கு வந்து நிற்க வேண்டிய தோட்டத்துத் தாய்க்கு, அதற்கும் முன்னதாக முடிக்க வேண்டிய கடமை ஒன்று உண்டு. துணியில் சுற்றிய குழந்தையை ஆயாக்கொட்டகையில் ஒப்படைப்பதே அது. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும், மரம் காத்திராது. ஆகவேதான் ரப்பர்த் தோட்டங்களில் குழந்தைகளின் நாள் இருட்டிலேயே தொடங்கிற்று.

ஜொகூர் மாநிலத்தில் குளுவாங், ரெங்கம், லாபிஸ், சிகாமட் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தோர் பலருக்கு அந்தக் கொட்டகை இன்றும் நினைவில் இருக்கும். உத்தரத்தில் வரிசையாகத் தொங்கும் ஏணைகள், பால் கலக்கும் மணம், ஒரே சமயத்தில் அழும் நான்கைந்து குழந்தைகள், இவற்றின் நடுவே ஒரு மூதாட்டி. பெரும்பாலும் அவர் மரம் சீவும் வலிமை குன்றியவராக இருப்பார். "வயதாகிவிட்டது, பிள்ளைகளையாவது பார்த்துக்கொள்ளட்டும்" என்று அமர்த்தப்பட்டவர். குழந்தையைப் பார்த்துக்கொள்வது மற்ற எல்லா வேலைகளையும்விட எளியது என்ற எண்ணமே இதில் அடங்கியுள்ளது. அவ்வெண்ணம் தவறு என்பதை எடுத்துக்காட்டவே இக்கட்டுரை.

இத்தாலி நாட்டின் ரோமாபுரியில் சான் லொரென்ஸோ என்பது தொழிலாளர் வாழ்ந்த ஏழைப் பகுதி. பெற்றோர் வேலைக்குச் சென்றபின், பள்ளி வயதை எட்டாத குழந்தைகள் கேட்பாரற்று அடுக்குமாடிகளில் திரிந்தனர். சுவர்களைக் கிறுக்கிப் பாழாக்கினர். கட்டடத்தார் மரியா மாண்டிசோரி என்ற பெண் மருத்துவரை நாடினர். 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் அங்கே 'குழந்தைகள் இல்லம்' திறக்கப்பட்டது. சேர்ந்த குழந்தைகள் ஏறத்தாழ ஐம்பது பேர். அவர்களை நாள்தோறும் கவனித்துக் கற்பித்தவர் பட்டம் பெற்ற ஆசிரியை அல்லர். அக்கட்டடக் காவலாளியின் மகளே ஆவார். மாண்டிசோரி அம்மையார் உடனிருந்து வழிகாட்டினார். உலகெங்கும் பரவிய ஒரு கல்விமுறை, நம் ஆயாக்கொட்டகையைப் போன்ற ஓரிடத்தில்தான் பிறந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அவ்வம்மையார் 1939ஆம் ஆண்டு சென்னை அடையாற்றுக்கு வந்து, போர்க்காலம் முழுவதும் இந்தியாவிலேயே தங்கி, ஆசிரியர்கள் பலருக்குப் பயிற்சி அளித்தார்.

அக்காவலாளியின் மகளால் இயன்றது நம் ஆயாவால் இயலாதா? இயலும். ஆனால் என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பிறந்த குழந்தையின் மூளை, வளர்ந்தவரின் மூளையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு எடையே உடையது. ஆறு வயதுக்குள் அது பத்தில் ஒன்பது பங்கு வளர்ந்துவிடுகிறது. முதலாம் வகுப்பு ஆசிரியர் பெயர்ப் பட்டியலை வாசிக்கும் நாளில், பெரும்பகுதி வளர்ச்சி முடிந்துவிட்டது என்பது இதன் பொருள். அவ்வளர்ச்சிக்கு உணவு எவ்வளவு தேவையோ, பேச்சும் அவ்வளவு தேவை. கஞ்சி ஊட்டும்போது வாயை மூடிக்கொண்டு ஊட்டுபவரும் உண்டு, "கஞ்சி சுடுகிறதா? ஊதுவோமா? இதோ ஒரு கரண்டி, இன்னொரு கரண்டி, இரண்டாயிற்று" என்று பேசிக்கொண்டே ஊட்டுபவரும் உண்டு. வயிறு இருவராலும் நிறையும். ஆனால் இரண்டாமவரிடம் வளரும் குழந்தை சூடு, எண், செயல் ஆகியவற்றுக்கான சொற்களையும் சேர்த்து உண்கிறது. குழந்தை மழலையில் ஒன்று சொன்னால் நின்று கேட்டு மறுமொழி கூறுவதும், அது சுட்டிக்காட்டும் பொருளின் பெயரைச் சொல்வதும் காசு செலவில்லாத பாடங்கள். தாய்மொழியில் இவ்வாறு வேரூன்றிய குழந்தைக்குப் பின்னர் மலாய்மொழி கற்பது சுமையாகாது.

விளையாட்டுப் பொருள்களுக்கும் கடைக்கு ஓட வேண்டியதில்லை. கழுவிய பழைய மங்குகளும் தேங்காய்ச் சிரட்டைகளும் அடுக்கவும் எண்ணவும் போதும். ரப்பர்க்கொட்டைகளை மட்டும் சிறு குழந்தைகளின் கையில் கொடுத்தல் ஆகாது. தொண்டையில் சிக்கும், உள்ளே உள்ள பருப்பில் நஞ்சும் உண்டு. ஒரு வயது நிரம்பாத குழந்தையை மல்லாந்தே உறங்க வைக்க வேண்டும். ஒவ்வொரு குழந்தைக்கும் துணி மாற்றியபின் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவாவிடில், கை, கால், வாய்ப்புண் நோய் ஒரே வாரத்தில் அனைவரையும் பற்றிவிடும்.

இன்று தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறிவிட்டன. குடும்பங்கள் பல நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டன. ஆயினும் இருட்டில் குழந்தையை ஒப்படைக்கும் வழக்கம் ஒழியவில்லை. சிங்கப்பூர் வேலைக்காக விடியுமுன் பாலத்தைக் கடக்கும் ஜொகூர்ப் பெற்றோர், உறங்கும் பிள்ளையை அக்கம்பக்கத்து வீட்டில் விட்டுச் செல்கின்றனர்.

இவர்களுக்குச் சட்டம் துணை நிற்கிறது. 1990ஆம் ஆண்டின் 446ஆம் எண் சட்டம், தோட்டத் தொழிலாளரின் வீட்டுவசதியோடு குழந்தைக் காப்பகங்களுக்கும் குறைந்தபட்சத் தரத்தை வகுக்கிறது. 1984ஆம் ஆண்டின் குழந்தைப் பராமரிப்பு நிலையச் சட்டத்தின்படி, ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த, நான்கு வயதுக்குட்பட்ட நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகளைக் கட்டணத்திற்குப் பார்த்துக்கொள்ளும் இடம், சமூகநலத் துறையில் பதிவு பெற்றாக வேண்டும். 'தாஸ்கா' என்பது இதுவே. நான்கு வயதுக்குமேல் செல்வது 'தாடிகா' எனப்படும் பாலர் பள்ளி. அது கல்விச் சட்டத்தின்கீழ் வருவது. இரண்டையும் ஒன்றெனக் கருதி ஏமாறுவோர் உளர். தாஸ்காவில் ஒரு வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளர், ஒன்று முதல் மூன்று வயது வரை ஐவருக்கு ஒருவர், மூன்று முதல் நான்கு வயது வரை பதின்மருக்கு ஒருவர் என்பது 2012ஆம் ஆண்டு விதி. அக்காலத்தில் ஓர் ஆயாவிடம் எத்தனை ஏணைகள் இருந்தன என்பதை மூத்தோர் நினைத்துப் பார்க்கலாம்.

ஆகவே கட்டணத்தைக் கேட்குமுன், பதிவுச் சான்றிதழையும், எத்தனை குழந்தைகளுக்கு எத்தனை பேர் என்பதையும் கேட்க வேண்டும். கேட்பதால் எவரும் கோபித்துக்கொண்டால், குழந்தையைத் திரும்ப அழைத்துச் செல்வதே நலம்.

பள்ளி முடித்த நம் பெண்கள் இப்பணியை ஏற்கத் தயங்குகின்றனர். ஊதியம் பல இடங்களில் குறைவு என்பது உண்மையே. அதை மறைப்பதில் பயனில்லை. ஆயினும் படிப்படியாக உயர வழி உண்டு. முதலில் சமூகநலத் துறை ஏற்கும் அடிப்படைப் பயிற்சி, பின்னர் வேலை பார்த்துக்கொண்டே மலேசியத் திறன் சான்றிதழ், அதன்பின் பாலர் கல்விப் பட்டயம் எனப் பயிலலாம். பயிற்சி எங்கே, எப்போது நடைபெறுகிறது என்பதை மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் கேட்டறியலாம். வீட்டிலேயே சிறு தாஸ்கா நடத்த விரும்பும் அம்மாமார்களும் பதிவு பற்றிய விவரங்களை அங்கேயே பெறலாம்.