நவம்பர் 7 யாருடைய நாள்?

ஸ்ரீரங்கம்

அன்புள்ள மாணவிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நவம்பர் 7 காலை வழிபாட்டுக் கூட்டத்துக்கு சர் சி.வி. இராமனைப் பற்றிப் பேசத் தயாராகிப் போனாய். கடைசி நேரத்தில், “இன்று தேசியப் புற்றுநோய் விழிப்புணர்வு நாள், அதைப் பேசு” என்று சொல்லிவிட்டார்கள். “ஒரே நாளை இரண்டு பேருக்குக் கொடுத்தால் அது உண்மையில் யாருடையது சார்?” என்று கேட்டிருக்கிறாய். அந்தக் கேள்வி என்னை விடவில்லை. உன் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் கேள்வியையே கொஞ்சம் திருத்த வேண்டும். ஒரு நாள் யாருக்கும் சொந்தமில்லை. அந்த நாளில் ஒன்று எந்தக் காரணத்தால், எந்தக் கணக்கால் வந்து உட்கார்ந்தது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

நவம்பர் 7-ஐயே எடுத்துக்கொள். நீ டவுன் பஸ்ஸில் தினமும் கடந்து போகும் திருவானைக்காவலில், தாய்வழித் தாத்தா வீட்டில், 1888 நவம்பர் 7 அன்று இராமன் பிறந்தார். அந்தத் தாத்தா சப்தரிஷி சாஸ்திரி, நவ்ய நியாயம் படிப்பதற்காக வங்காளம் வரை நடந்தே போனவர் என்று இராமனின் வரலாற்றில் படித்திருக்கிறேன். பேரன் பிற்காலத்தில் அதே வங்காளத்தில், கல்கத்தாவில், ஒளியை ஆராய்ந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கும். அது இருக்கட்டும். இராமனுக்கு 21 ஆண்டுகள் முன்பு, 1867 நவம்பர் 7 அன்று, வார்சா நகரத்தில் மேரி கியூரி பிறந்தார். கணவரோடு சேர்ந்து 1898-இல் அவர் கண்டெடுத்த ரேடியம் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வழி திறந்தது. அதனால்தான் 2014-இல் மத்திய அரசு அவர் பிறந்தநாளைப் புற்றுநோய் விழிப்புணர்வு நாளாக அறிவித்தது. இராமனை ஒதுக்க யாரும் திட்டமிடவில்லை.

உனக்குச் சொல்லியிருக்க வேண்டியது இன்னொன்று. ஒரு பொருளின் மீது பட்டுச் சிதறும் ஒளியில் மிகச் சிறு பகுதி நிறம் மாறி வருகிறது. அந்த மாற்றம் மூலக்கூறுக்கு மூலக்கூறு வேறுபடுகிறது. இதுதான் இராமன் விளைவு. இன்று ஆய்வாளர்கள் அதே விளைவைக் கொண்டு, நல்ல திசுவையும் புற்றுநோய்த் திசுவையும் பிரித்தறிய முயன்று வருகிறார்கள். இதைத் தெரிந்துகொண்டு பேசியிருந்தால் ஒரே பேச்சில் இரண்டு நாளையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். ஒன்றை அடித்துவிட்டு இன்னொன்றை எழுதுவது சோம்பல். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நம் ஊரில் செப்டம்பர் 5-உம் இப்படித்தான். நாடு முழுவதும் அன்று ஆசிரியர் தினம். 1888-இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் பிறந்த நாள் அது. 1872-இல் வ.உ. சிதம்பரனார் பிறந்ததும் அதே தேதியில்தான். பொன்மலையில் கேட்டால் மூன்றாவதாக ஒன்று சொல்வார்கள். 1946 செப்டம்பர் 5 அன்று வேலைநிறுத்தம் செய்த ரயில்வே தொழிலாளர்கள் மீது சங்கத்திடலில் துப்பாக்கிச் சூடு நடந்து ஐந்து பேர் உயிர் விட்டார்கள். தொழிற்சங்கத்தார் இன்றும் அந்தத் திடலில் கூடி அஞ்சலி செலுத்துகிறார்கள். திருச்சிப் பிள்ளைகள் ஆசிரியருக்குப் பேனா வாங்கிக் கொடுக்கும் அதே நாளில், சில கிலோமீட்டர் தள்ளி, தங்கள் ஊர்த் தொழிலாளிகளுக்காக ஒரு கூட்டம் நடப்பது அவர்களுக்குத் தெரிய வேண்டாமா?

இனி என்னை நெடுநாளாக எரிச்சலூட்டும் விஷயத்துக்கு வருகிறேன். “இந்த மாதம் ஐந்து வெள்ளி, ஐந்து சனி, ஐந்து ஞாயிறு, 823 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வரும்” என்று ஒரு செய்தி கைப்பேசிகளில் சுற்றுகிறது. முழுப் பொய். 31 நாள் உள்ள எந்த மாதமும் வெள்ளிக்கிழமை தொடங்கினால் அப்படித்தான் வரும். சில ஆண்டுகள் பொறுத்தால் அதே மாதத்திலேயே மறுபடி வரும். 2020 டிசம்பர் 25 அன்று வைகுண்ட ஏகாதசியும் கிறிஸ்துமஸும் ஒன்றாக வந்தபோதும் “அதிசயம்” என்றார்கள். அதில் அதிசயம் இல்லை, கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு அதிசயத்தைவிட அழகானது.

உன் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் ஒரு தாளைக் கிழித்துக் கையில் வைத்துப் பார். நடுவில் பெரிதாக ஆங்கிலத் தேதி. அது சூரியனைப் பருவங்களோடு பொருத்திப் போட்ட கணக்கு. ஓரத்தில் தமிழ்த் தேதி. அதுவும் சூரியன்தான், ஆனால் நட்சத்திர மண்டலத்தை வைத்து அளந்தது. பக்கத்தில் ஹிஜ்ரி தேதி. அது முழுக்கச் சந்திரன். ஆண்டுக்கு ஏறக்குறைய 11 நாள் முன்னால் நகரும். ஆகையால் ரம்ஜான் எல்லாப் பருவங்களையும் சுற்றி வரும். கீழே திதியும் நட்சத்திரமும். ராகு காலத்தை மட்டும் பார்த்துவிட்டு நாம் தூக்கிப் போடும் அந்தத் தாளில் இத்தனை கடிகாரங்கள் ஒன்றாக ஓடுகின்றன. அவற்றில் இரண்டு ஒரே நேரத்தில் மணி அடித்தால் அதுதான் பண்டிகைகள் சேரும் நாள்.

சந்திர மாதங்கள் 235 சேர்ந்தால் ஏறக்குறைய 19 சூரிய ஆண்டுகள். வித்தியாசம் சில மணி நேரம்தான். கிரேக்க அறிஞர் மெட்டனின் பெயரால் வழங்கும் கணக்கு இது. 2001 டிசம்பர் 14 அன்று அமாவாசை, சூரிய கிரகணம். 2020 டிசம்பர் 14 அன்றும் அமாவாசை, சூரிய கிரகணம். நடுவில் 19 ஆண்டுகள்.

நம் ரங்கநாதர் கோயிலிலும் இந்த 19 இருக்கிறது. வைகுண்ட ஏகாதசி மார்கழிக் கடைசியில் வந்தால், அன்று தொடங்கும் இராப்பத்து உற்சவம் தை மாதத்துக்குள் போய்விடும். தைத்தேரோ புனர்பூச நட்சத்திரத்தில் ஓடியாக வேண்டும். இரண்டு உற்சவமும் மோதும். அப்படிப்பட்ட ஆண்டில் ஏகாதசியைக் கார்த்திகைக்கே முன்னால் கொண்டுவந்துவிடுவது இங்கே வழக்கம். 2021-இல் அதுதான் நடந்தது. மற்றப் பெருமாள் கோயில்களில் 2022 ஜனவரி 13, போகியன்று வைகுண்ட ஏகாதசி. ஸ்ரீரங்கத்தில் 2021 டிசம்பர் 14 அன்றே பரமபத வாசல் திறந்தாயிற்று. 19 ஆண்டுகளுக்கு ஒருமுறை இப்படி வரும் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வது வாய்வார்த்தை அல்ல, வானியல். இரண்டு விழாவும் தேவை என்று நினைத்த முன்னோர்கள், எதையும் கைவிடாமல் வழி கண்டார்கள். உன் பள்ளிக்கூட்டத்தில் காணாமல் போனது இந்தப் பக்குவம்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது ஆடிப் பதினெட்டு. அதைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க மாட்டேன். அன்று அம்மாமண்டபம் படித்துறையில் காதோலை கருகமணியும் மஞ்சளும் பூவும் வைத்துக் காவிரியைக் கும்பிட்டு, பெண்கள் புது மஞ்சள் சரடு கட்டிக்கொள்வதை நீ வருடா வருடம் பார்க்கிறாய். அதே ஆடிப் பதினெட்டில்தான் தீரன் சின்னமலைக்கு அரசு விழா எடுக்கிறது. 1805-இல் சங்ககிரிக் கோட்டையில் ஆங்கிலேயர் அவரைத் தூக்கிலிட்ட தேதி ஜூலை 31 என்று நூல்கள் சொல்கின்றன. ஆடிப் பதினெட்டோ இப்போது ஆகஸ்ட் 2 அல்லது 3-இல் வருகிறது. “ஏதோ ஒன்று தப்பு” என்று படித்தவர்களே பேசக் கேட்டிருக்கிறேன். ஒன்றும் தப்பில்லை. நட்சத்திரத்தை வைத்து அளக்கும் நம் ஆண்டு, ஆங்கில ஆண்டைவிடச் சுமார் 20 நிமிடம் நீளம். ஏறக்குறைய 72 ஆண்டில் அது ஒரு நாளாகச் சேரும். 1805-இலிருந்து இன்று வரை மூன்று நாள். ஆகஸ்ட் 3-இலிருந்து மூன்று நாள் பின்னால் போ; ஜூலை 31 வருகிறதா? அன்றைக்கு இரண்டும் ஒரே நாள். இன்று பிரிந்து நிற்கின்றன.

இதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. விவேகானந்தர் பிறந்தது 1863 ஜனவரி 12, மகர சங்கராந்தி அன்று. இப்போது தேசிய இளைஞர் தினம் ஜனவரி 12-இல், பொங்கல் 14 அல்லது 15-இல். பண்டிகைகள் சேர்வது மட்டுமல்ல, சேர்ந்தவை பிரிவதும் கணக்குதான்.

இந்தக் கணக்கில் எனக்குப் பற்று வரக் காரணம் எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை. கிறிஸ்தவரான அவர், கி.பி. 700 முதல் 1799 வரை ஒவ்வொரு நாளின் திதி, நட்சத்திரத்தையும் கணித்து ஏழு தொகுதிகளாக 1922-இல் வெளிவரச் செய்தார். கல்வெட்டில் “இன்ன திதி, இன்ன நாள்” என்று இருந்தால் அந்தத் தொகுதிகளைப் புரட்டித்தான் தேதி கண்டார்கள். தன் மதத்துப் பண்டிகை எது, அடுத்தவர் பண்டிகை எது என்று பார்த்திருந்தால் அவரால் ஒரு பக்கம்கூட எழுதியிருக்க முடியாது.

விழிப்புணர்வு நாள்களைப் பற்றி ஒரு வார்த்தை கடுமையாகவே சொல்கிறேன். நவம்பர் 14 குழந்தைகள் தினம். இன்சுலினைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான பேண்டிங் பிறந்த நாள் என்பதால் அதுவே உலக நீரிழிவு தினம். சட்டையில் பேட்ஜ் குத்தி, பதாகை பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு, பிறகு பெட்டி பெட்டியாக மிட்டாய் கொடுத்து முடித்தால் இரண்டு நாளுக்கும் நியாயம் செய்யவில்லை. அன்று குழந்தைகளுக்கும் வரும் நீரிழிவைப் பற்றி ஒரு மருத்துவரை அழைத்துப் பேசச் சொன்னால் இரண்டுக்கும் செய்ததாகும்.

ஆகவே மனம் தளராதே. அடுத்த நவம்பர் 7-க்கு ஐந்து நிமிடப் பேச்சை இப்போதே எழுது. மேரி கியூரியில் தொடங்கு, இராமனுக்கு வா, இருவர் வேலையும் ஒரு நோயாளிக்கு எப்படி உதவக்கூடும் என்று சொல்லி முடி. உன் ஆசிரியரிடம் முன்கூட்டியே காட்டு. இரண்டும் இருக்கும் பேச்சை மறுக்க யாருக்கும் காரணம் இருக்காது. எழுதியதும் எனக்கு ஒரு பிரதி அனுப்பு. தேதிகளை நான் சரிபார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
உன் ஆசிரியன்