பேட்டரியும் அரசு விதிகளும்: வகுப்பறைக்கு ஒரு பாடம்

மின் இருசக்கர வாகனங்கள் இன்று கிராமத் தெருக்களிலும் ஓடுகின்றன. அவற்றின் விலையில் பெரும்பங்கு பேட்டரிக்கு உரியது. அந்தப் பேட்டரி எப்படித் தயாராக வேண்டும், பயன் முடிந்தபின் எங்கே போக வேண்டும் என்பவற்றை நிறுவனங்கள் மட்டும் முடிவு செய்வதில்லை. அரசின் விதிகளும் முடிவு செய்கின்றன. பத்தாம் வகுப்பில் ‘அரசாங்கமும் வரிகளும்’ பாடத்தை நடத்தும்போது, அறிவியல் ஆசிரியரின் துணையோடு இதனை ஒரு பாடவேளையில் கற்பிக்கலாம்.

கற்றல் விளைவு: அரசின் ஒழுங்குமுறை ஒரு தொழிலை எவ்வாறு மாற்றுகிறது என்பதை மாணவர்கள் எடுத்துக்காட்டுகளுடன் விளக்குவர்.

1. வரியும் ஊக்கத்தொகையும்

மின் வாகனங்களுக்கான சரக்கு மற்றும் சேவை வரி 2019 ஆகஸ்ட் 1 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. வாகனம் விற்றால்தான் பேட்டரிக்குத் தேவை பெருகும். 2021இல் மத்திய அரசு, மேம்பட்ட மின்கலன்களை உள்நாட்டிலேயே தயாரிக்க ரூ.18,100 கோடியில் உற்பத்தி சார்ந்த ஊக்கத்தொகைத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. இலக்கு 50 ஜிகாவாட் மணி. தயாரித்து விற்ற பின்னரே இத்தொகை கிடைக்கும் என்பதை மாணவர்கள் கவனிக்கச் செய்யுங்கள்.

2. பாதுகாப்பு

2022இல் நாட்டின் சில இடங்களில் மின் ஸ்கூட்டர்கள் தீப்பற்றின. லித்தியம் அயனி மின்கலன் ஒன்று அளவுமீறிச் சூடானால், அந்த வெப்பம் அடுத்தடுத்த மின்கலன்களுக்கும் பரவும். எனவே ஏஐஎஸ்-156 என்னும் தரநிலை கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பர், 2023 மார்ச் என இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தது. மின்கலன் தயாரான மாதமும் ஆண்டும் தெரிய வேண்டும். வெப்பம் மீறினால் ஒலியாலும் ஒளியாலும் எச்சரிக்கை வர வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகள் சேர்ந்தன. உற்பத்தியாளர்கள் வடிவமைப்பையே மாற்ற வேண்டியதாயிற்று.

3. கழிவு

2001ஆம் ஆண்டு விதிகள் ஈய அமில பேட்டரிகளைப் பற்றியவை. அவற்றுக்கு மாற்றாக வந்த 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் எல்லா வகைப் பேட்டரிகளுக்கும் பொருந்தும். பயன் முடிந்த பேட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்புவது உற்பத்தியாளரின் பொறுப்பு. மின் வாகனப் பேட்டரியின் உலர் எடையில் மீட்க வேண்டிய பொருள் 2024-25இல் 70, 2025-26இல் 80, 2026-27 முதல் 90 சதவீதம். 2027-28 முதல் புதிய பேட்டரியில் 5 சதவீதமாவது மறுசுழற்சிப் பொருள் இருக்க வேண்டும். 2030-31இல் இது 20 சதவீதமாக உயரும். இதனால் மறுசுழற்சி தனியொரு தொழிலாக வளர்கிறது.

செயல்பாடு

• உலர் எடை 20 கிலோ கொண்ட பேட்டரியிலிருந்து மூன்று ஆண்டுகளிலும் மீட்க வேண்டிய எடையைக் கணக்கிடுக. (விடை: 14, 16, 18 கிலோ)
• வீட்டிலுள்ள பேட்டரிகளில், குறுக்குக் கோடிட்ட குப்பைத் தொட்டிச் சின்னம் இருக்கிறதா எனப் பார்த்து எழுதுக. எந்தப் பேட்டரியையும் பிரிக்கவோ உடைக்கவோ கூடாது என்பதை முன்பே வலியுறுத்துங்கள்.
• விவாதம்: சோதனைச் செலவைச் சிறு உற்பத்தியாளர் எப்படித் தாங்குவார்? விதியே இல்லாவிட்டால் அந்தச் செலவு யார் தலையில் விழும்?

பழைய பேட்டரி எடைக்குப் போடப்பட்டு, ஏதோ ஒரு கொல்லைப்புறத்தில் கையுறைகூட இல்லாமல் உடைக்கப்பட்டால், பாதிப்பு முதலில் அங்கே விளையாடும் குழந்தைக்குத்தான். விதி காகிதத்திலிருந்து வீட்டுக்கு வர, அதை அறிந்த ஒருவர் அந்த வீட்டில் வேண்டும். அவர் நம் மாணவராக இருக்கட்டும்.