சுகாதாரப் பாடம்: எல்லா மருந்தையும் ஒரே பையில் கொண்டு போங்கள்



இந்தப் பாடத்தை வாசிக்க முன்னர் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் காம்பிராவில் மருந்து போட்டு வைத்திருக்கும் சொப்பிங் பேக்கைக் கீழே இறக்குங்கள். சாமிப் படத்துக்குப் பின்னால் ஒரு பக்கெட், கைப்பையில் ஒரு அட்டை என்று கிடந்தால் அதையும் சேருங்கள். வீட்டில் சீனி வியாதியும் பிரஷரும் உள்ள ஓர் அம்மாவோ தாத்தாவோ இருந்தால் அந்தப் பை சின்னதாக இருக்காது. இன்றைய பாடம் அந்தப் பையைப் பற்றியதுதான்.

படிப்பதற்கு வசதியாக ஓர் அம்மாவை வைத்துக்கொள்வோம். அவருக்குப் பேர் வேண்டாம். இப்படி ஒருவர் எந்தத் தோட்டத்திலும் இருப்பார். அறுபதை நெருங்குகிறார், இன்னும் கொழுந்து எடுக்கிறார். சீனி, பிரஷர், கொலஸ்ட்ரோல், முழங்கால் வலி என நாலும் இருக்கிறது. மாதம் ஒருமுறை அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்கில் மருந்து எடுக்கிறார். ஒரு மாதம், ஒரு நாள் பேரை இழக்க மனமில்லாமல் கிளினிக்குக்குப் போகவில்லை. மருந்து முடிந்ததும் டவுனில் ஒரு தனியார் டொக்டரிடம் காட்டி மருந்து வாங்கினார். முழங்கால் வலிக்குத் தோட்டத்து டிஸ்பென்சரியில் கொடுத்த குளிசை வேறு. அது போதாதென்று பக்கத்து லயத்து மதினி, "எனக்கு இது நல்லாக் கேட்டுச்சு" என்று கொடுத்த வலிக்குளிசையும் உண்டு.

நாலு பேரும் நல்ல மனதோடு கொடுத்தவைதான். ஆனால் ஒருவர் கொடுத்ததை மற்றவர் பார்க்கவில்லை.

அந்த அம்மாவுக்கு மலையில் காலை ஒன்பது மணி போல உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கி, கண் இருட்ட ஆரம்பித்தது. கொழுந்துக் கூடையோடு செடிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். கூட இருந்தவர்கள் "பிரஷர் ஏறிருச்சு" என்று தைலம் தேய்த்தார்கள். தேத்தண்ணி நேரத்தில் சீனி போட்ட தேத்தண்ணியும் ரொட்டியும் உள்ளே போனதும் சரியாகிவிட்டது. மூன்றாவது தடவை இப்படி வந்ததும் மகள் பயந்துபோய், பையைத் தூக்கிக்கொண்டு அம்மாவையும் கூட்டிக்கொண்டு டவுன் பாமசிக்குப் போனாள். செங்குத்தான மலையில் மயங்கி விழுந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

மருந்தாளர் செய்த வேலை

பாமசியில் மருந்து எடுத்துக் கொடுக்கிற எல்லோரும் மருந்தாளர் அல்லர். அதற்கென்று படித்து, பரீட்சை பாஸ் பண்ணி, இலங்கை மருத்துவச் சபையில் பதிவு செய்தவர்தான் மருந்தாளர். பாமசிகளுக்கு அனுமதிப்பத்திரம் கொடுப்பது 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை. பதிவுபெற்ற மருந்தாளர் ஒருவர் அங்கே இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே ஹட்டனோ தலவாக்கலையோ பண்டாரவளையோ, எந்த டவுனாக இருந்தாலும், "மருந்தாளர் இருக்கிறாரா?" என்று கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். சம்பள நாளன்று சனக்கூட்டத்தில் போய்க் கேட்டால் அவருக்கும் நேரம் இருக்காது. கூட்டம் குறைந்த நேரம் பார்த்துப் போங்கள்.

மருந்தாளர் பையை வாங்கி எல்லாவற்றையும் மேசையில் பரப்பினார். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்டார்.

"இதெல்லாம் எத்தன மணிக்குக் குடிக்கிறீங்கம்மா?"

"விடிய அஞ்சு மணிக்கு. எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு ஒரு பிளேன்டீ குடிச்சிருவேன்."

"சாப்பாடு?"

"ரொட்டி கட்டிக்கிட்டுப் போவேன். மலையிலதான் திங்கிறது. அதுக்குப் பத்து மணி ஆயிரும்."

அங்கேயே பாதி விளங்கிவிட்டது. சீனிக்குக் கொடுக்கும் கிளிக்ளசைட் என்ற குளிசை இரத்தத்திலுள்ள சீனியை இறக்கும். அதைக் காலைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். சாப்பிடாமல் குடித்துவிட்டு மலை ஏறினால், மருந்தும் சீனியை இறக்குகிறது, வேலையும் சீனியை எரிக்கிறது. வேர்வையும் நடுக்கமும் அதனால் வந்தவை. பிரஷர் ஏறியதால் அல்ல.

மீதிப் பாதி இன்னொரு அட்டையில் இருந்தது. தனியார் டொக்டரின் துண்டுக்கு வாங்கிய டயமைக்ரோன். டயமைக்ரோன் என்பதும் கிளிக்ளசைட்தான். அடுத்த மாதம் கிளினிக் மருந்து கிடைத்த பிறகும் அந்த அம்மா இரண்டையும் குடித்துக்கொண்டிருந்தார். பெட்டி வேறு, நிறம் வேறு, பேர் வேறு என்றால் மருந்தும் வேறு என்றுதானே யாரும் நினைப்பார்கள்?

இதை மட்டும் கொஞ்சம் நின்று படியுங்கள். ஒரு மருந்துக்கு இரண்டு பேர் உண்டு. பெரிய எழுத்தில் இருப்பது கம்பனி வைத்த பேர், கம்பனிக்குக் கம்பனி மாறும். சின்ன எழுத்தில் இருப்பது மருந்தின் சொந்தப் பேர், அது மாறாது. சொந்தப் பேரில் மருந்து வாங்கினால் ஏழைக்கும் கட்டுப்படியாகும் என்று உலகத்துக்கே காட்டியவர் நம் நாட்டுப் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அவருடைய தலைமையில்தான் தொடங்கியது. இன்றைய ஒசுசல கடைகள் அதனுடையவை. 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது ஆஸ்பத்திரியில் இல்லாத மருந்தை வெளியில் வாங்கும்படி துண்டு எழுதிக் கொடுத்தார்கள். அப்படி வாங்கிய வேறு பேர் அட்டைகள் பல வீடுகளில் மிச்சமாகக் கிடக்கலாம். தேடிப் பாருங்கள். பனடோலும் டிஸ்பென்சரியில் தரும் பரசிட்டமோலும் ஒன்றுதான் என்பது கூடப் பலருக்குத் தெரியாது. பெரியவர் ஒருவர் ஒரு நாளைக்கு 500 மில்லிகிராம் குளிசை எட்டுக்கு மேல் போடக்கூடாது. இரண்டு பேரில் வாங்கினால் கணக்குத் தப்பிவிடும், ஈரல் கெட்டுவிடும்.

அடுத்து மருந்தாளர் ஒரு பக்கெட்டைத் தூக்கிப் பார்த்தார். மற்றதெல்லாம் முடிகிற நிலையில் இருக்க, அது மட்டும் நிறைய இருந்தது.

"இது மட்டும் ஏன் குறையல்ல?"

அம்மா மகளைப் பார்த்தார், பிறகு மெதுவாகச் சொன்னார். "அத வேல நாள்ல குடிக்கிறதில்ல. குடிச்சா அடிக்கடி ஒண்ணுக்கு வருது. மலையில எங்க போறது?"

அது பிரஷருக்குக் கொடுக்கும் குளிசை. உடம்பிலுள்ள அதிகப்படி உப்பையும் தண்ணியையும் சிறுநீராக வெளியேற்றும். கிளினிக்கில் டொக்டர் பார்க்கிறார், பிரஷர் இறங்கவில்லை. கொடுத்த மருந்து போதவில்லை என்று நினைத்து இன்னொன்றைக் கூட்டுகிறார். குடிக்காத மருந்துக்கு மேலே ஒரு புது மருந்து. டொக்டர் மேல் பிழை இல்லை, அவரிடம் யாரும் சொல்லவில்லை. ஆம்பளை டொக்டரிடம், அதுவும் பாஷை தெரியாத இடத்தில், இதை எந்த அம்மா சொல்வார்? மலையில் பெண்களுக்குக் கக்கூஸ் இல்லாதது வெறும் வசதிக் குறைவு என்று நினைக்கும் துரைமாரும் தலைவர்மாரும் இந்தப் பக்கெட்டை ஒருமுறை பார்க்க வேண்டும்.

முழங்காலுக்கு வருவோம். டிஸ்பென்சரியில் கொடுத்தது டைக்ளோபெனாக், மதினி கொடுத்தது ஐபுபுரொபன். இரண்டும் ஒரே இனத்து வலிக்குளிசைகள். கிளினிக்கில் கொடுத்த லொசார்ட்டன், மேலே சொன்ன சிறுநீர்க் குளிசை, இந்த வலிக்குளிசை ஆகிய மூன்றும் ஒரே உடம்பில் சேர்ந்தால் சிறுநீரகம் பழுதாகலாம். சீனி வியாதி ஏற்கெனவே சிறுநீரகத்தைக் கரைக்கிற நோய். வலிக்குளிசை பிரஷரையும் ஏற்றும். மதினியின் குளிசையை அன்றே நிறுத்தச் சொன்னார் மருந்தாளர். டைக்ளோபெனாக்கைப் பற்றி டொக்டரிடம் கேட்கும்வரை வலிக்குப் பரசிட்டமோல் மட்டும் போதும் என்றார்.

பையில் மகளின் இரும்புச்சத்துக் குளிசையும் கலந்து கிடந்தது. அவள் மாசமாக இருந்தாள், தேத்தண்ணியோடு குடித்து வந்தாள். தேயிலைச் சாயம் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. குளிசைக்கும் தேத்தண்ணிக்கும் இரண்டு மணித்தியால இடைவெளி விட்டு, வெறும் தண்ணியோடு குடிக்கச் சொன்னார். நாமே கொழுந்தெடுத்து நாமே தூளாக்கும் சாமான் இப்படியும் செய்யும்.

டொக்டருக்கு ஒரு துண்டு

கிளினிக் டொக்டர் எழுதிய மருந்தை மருந்தாளர் தானாக மாற்றவில்லை. அது அவர் வேலை அல்ல. ஒரு கடதாசியில் எல்லா மருந்தின் சொந்தப் பேரையும், எத்தனை மில்லிகிராம், உண்மையில் எப்போது குடிக்கிறார் என்பதையும் எழுதினார். அதன் கீழே மூன்று வரி: வெறும் வயிற்றில் குடித்துச் சீனி இறங்குகிறது, சிறுநீர்க் குளிசை வேலை நாளில் குடிப்பதில்லை, வலிக்குளிசை நாளாகக் குடித்திருக்கிறார். அதைக் கிளினிக் கொப்பிக்குள் வைத்து, மாதம் முடியும்வரை காத்திருக்காமல் அந்த வாரமே போகச் சொன்னார்.

டொக்டர் அதைப் படித்துவிட்டு, புதிதாகக் கூட்டியிருந்த பிரஷர் மருந்தை நிறுத்தினார். சிறுநீர்க் குளிசையை வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் பின்னேரம் குடிக்கும்படி மாற்றினார். கிளிக்ளசைட் ஒன்றுதான், அதுவும் ஒரு ரொட்டியாவது தின்ற பிறகு. டைக்ளோபெனாக் இனி வேண்டாம் என்றார். சிறுநீரகத்துக்கு இரத்தப் பரிசோதனை எழுதினார். இது அந்த அம்மாவுக்குச் சொன்னது. உங்களுக்கு உங்கள் டொக்டர் வேறு மாதிரிச் சொல்லலாம். இந்தப் பக்கத்தை வாசித்துவிட்டு யாரும் தாங்களாகவே ஒரு குளிசையை நிறுத்தவோ நேரம் மாற்றவோ கூடாது.

அவுஸ்திரேலியாவில் 2001ஆம் ஆண்டு முதல், பல மருந்து குடிக்கும் நோயாளியின் வீட்டுக்கே மருந்தாளர் போய்ப் பார்த்து டொக்டருக்கு அறிக்கை கொடுக்க அரசாங்கம் பணம் கொடுக்கிறது. நம் லயத்துக்கு அப்படி யாரும் வருவதில்லை. நாம்தான் பையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

சீனி இறங்கினால் என்ன செய்வது என்பதை வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் சொல்லி வையுங்கள். வேர்வை, நடுக்கம், கண் இருட்டு, பேச்சுக் குழறல் வந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணியில் கரைத்துக் கொடுங்கள். "சீனிக்காரருக்குச் சீனி கொடுக்கலாமா?" என்று யோசிக்க அது நேரமில்லை. கால் மணித்தியாலத்தில் தெளியாவிட்டால் இன்னொரு தடவை கொடுங்கள். தெளிந்ததும் ரொட்டியோ சோறோ கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல், ஒருபக்கமாகச் சரித்துப் படுக்கவைத்து, 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. மலைக்குப் போகும்போது மடியில் கொஞ்சம் சீனி முடிந்து வைத்திருங்கள்.

கிளினிக் நாளுக்கு முந்தின இரவே பையைத் தயார் செய்யுங்கள். குடிக்கிறது, குடிக்காமல் விட்டது, கடையில் வாங்கினது, பக்கத்து வீட்டில் தந்தது, கசாயத் தூள், எல்லாம் அதற்குள் போகட்டும். அட்டையை வெட்டாதீர்கள், பேர் போய்விடும். அடுப்புக்கு மேல் தட்டில் வைக்காதீர்கள், சூட்டிலும் புகையிலும் மருந்து கெடும். பக்கெட்டில் எழுதியிருப்பது வாசிக்கத் தெரியாத பாஷையாக இருந்தால், தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் காலைக்கு ஒரு சூரியனும் இரவுக்கு ஒரு நிலாவும் கீறித் தரச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு, சொல்ல முடியாத விஷயம் ஏதும் இருந்தால் மகளையோ மருமகளையோ கூட்டிப்போங்கள். அந்த நிறைந்த பக்கெட்டையும் மறக்காமல் பைக்குள் போடுங்கள்.