த்ரெட் எத்தனை என்பதோடு வரிசையின் நீளத்தையும் பாருங்கள்

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் மாதக் கடைசியில் சுமார் 40,000 பில்களை பி.டி.எஃப். ஆக்கி மெயிலில் அனுப்பும் ஜாவா ப்ரோக்ராம் ஓடுகிறது. பில்லுக்கு ஒரு த்ரெட் என்று எழுதியிருந்தேன். பாதியில் மெமரி எரர் வந்து நின்றுபோனது. நண்பர் சொன்னபடி 200 த்ரெட் கொண்ட பூலுக்கு மாற்றினேன். இப்போதும் மெமரி ஏறிக்கொண்டே போகிறது. எத்தனை த்ரெட்தான் வைப்பது?
— வாசகர், கோவை

பதில்: நண்பர் காட்டிய வழி சரியானதே. சாதாரண ஜாவா த்ரெட் ஒவ்வொன்றும் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் ஒரு த்ரெட். 64 பிட் லினக்ஸில் ஒவ்வொன்றின் ஸ்டாக்குக்கும் வழக்கமாக 1 எம்.பி. இடம் ஒதுக்கப்படும். ஆயிரக்கணக்கில் உருவாக்கினால் சிஸ்டம் மறுத்துவிடும். பூலில் சில த்ரெட்கள் மட்டும் இருக்கும். ஒரு வேலையை முடித்ததும் வரிசையிலிருந்து அடுத்ததை எடுத்துக்கொள்ளும். 2004-ல் வந்த ஜாவா 5 முதல் இந்த வசதி மொழியோடே வருகிறது.

எண்ணிக்கை வேலையைப் பொறுத்தது. பி.டி.எஃப். தயாரிப்பு சி.பி.யு.வின் வேலை, 8 கோர் இருந்தால் 8 த்ரெட் போதும். மெயில் அனுப்புவதில் பெரும்பகுதி சர்வரின் பதிலுக்குக் காத்திருப்பதுதான். காத்திருக்கும் நேரத்தைக் கணக்கிடும் நேரத்தால் வகுத்து, 1 கூட்டி, கோர்களால் பெருக்குங்கள். 90 மில்லிசெகண்ட் காத்திருப்பு, 10 மில்லிசெகண்ட் கணக்கீடு என்றால் 80 வரும். மெயில் சர்வர் 20 இணைப்பைத்தான் அனுமதிக்கும் என்றால் 20-ஓடு நிறுத்துங்கள். ஆகவே இரண்டு வேலைக்கும் தனித்தனி பூல் வையுங்கள்.

மெமரி ஏறுவதற்குக் காரணம் பெரும்பாலும் வரிசைதான். ‘நியூ ஃபிக்ஸட் த்ரெட் பூல்’ தரும் வரிசையின் கொள்ளளவு 2,147,483,647. எல்லையே இல்லை என்றுதான் அர்த்தம். டேட்டாபேஸிலிருந்து படிக்கும் லூப் 40,000 பில்களின் விவரத்தையும் அதில் கொட்டிவிடுகிறது. அதற்குப் பதிலாக ‘த்ரெட் பூல் எக்ஸிக்யூட்டர்’ கிளாஸையே நேரடியாக உருவாக்கி, 500 இடம் கொண்ட ‘அரே பிளாக்கிங் க்யூ’ கொடுங்கள். கூடவே ‘காலர் ரன்ஸ் பாலிசி’யையும் சேருங்கள். வரிசை நிரம்பினால், வேலையைக் கொடுக்க வந்த த்ரெட்டே அதைச் செய்யும். படிக்கும் வேகம் தானாகக் குறையும். ‘கோர்’, ‘மேக்ஸிமம்’ இரண்டுக்கும் ஒரே எண்ணைக் கொடுங்கள்; இல்லையென்றால் வரிசை நிரம்பிய பிறகுதான் கூடுதல் த்ரெட்கள் பிறக்கும்.

இரண்டு இடங்களில் கவனம் தேவை. ‘சப்மிட்’ மூலம் கொடுத்த வேலையில் எரர் வந்தால், அது ‘ஃப்யூச்சர்’ உள்ளேயே தங்கிவிடும். ‘கெட்’ அழைக்காவிட்டால் லாகில் ஒரு வரிகூட வராது. வாடிக்கையாளருக்குப் பில் போகாதது அவர் போன் செய்யும்போதுதான் தெரியும். ஒவ்வொரு வேலைக்குள்ளும் எரரைப் பிடித்து, பில் எண்ணோடு பதியுங்கள்.

அடுத்தது முடிக்கும் வரிசை. பி.டி.எஃப். பூலை முதலில் ‘ஷட்டவுன்’ செய்து, ‘அவெய்ட் டெர்மினேஷன்’ மூலம் அது முடியும்வரை காத்திருந்து, பிறகே மெயில் பூலை மூடுங்கள். மூடிய பூலுக்கு வரும் வேலையைக் காலர் ரன்ஸ் பாலிசி சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும்.

2023-ல் வந்த ஜாவா 21-ன் விர்ச்சுவல் த்ரெட்கள் மிக இலகுவானவை. மெயில் பகுதிக்குப் பொருந்தும். ஆனாலும் மெயில் சர்வரின் 20 இணைப்பு 20-தான். அந்த எல்லையை ஒரு ‘செமஃபோர்’ வைத்து நீங்களே காக்க வேண்டும்.