மோட்டாரை எங்கே வைப்பீர்கள்?

ட்ரோன் வடிவமைப்பு வேலைக்கு இன்டர்வியூ போகிறவர்கள் மோட்டாரின் கேவி எண்ணையும் பேட்டரியின் கொள்ளளவையும் சரளமாகச் சொல்லிவிடுகிறார்கள். "புரொப்பெல்லரை ஏன் அங்கே வைத்தீர்கள்?" என்றால்தான் தடுமாற்றம். இறக்கையும் மோட்டாரும் தனித்தனிப் பாடம் என்று படித்ததால் வரும் வினை இது.

முதலில் கண்ணால் பாருங்கள். தெர்மாகோல் இறக்கையின் மேலும் கீழும் கம்பளி நூல் துண்டுகளை ஒட்டி, முன்னால் மோட்டாரைப் பொருத்தி ஓட விடுங்கள். மேலே நூல்கள் ஒரு பக்கம் சாயும், கீழே எதிர்ப்பக்கம். காற்று முறுக்கிக்கொண்டு வருகிறது என்பதற்கு அதுவே சாட்சி. புரொப்பெல்லர் அலகு மேலேறும் பக்கத்தில் காற்று இறக்கையைச் சற்றுக் கீழிருந்து தாக்கும். அங்கே தூக்குவிசை கூடும். அலகு இறங்கும் பக்கத்தில் குறையும்.

இந்த முறுக்கைத்தான் நாசாவின் எக்ஸ்-57 மின்விமானத் திட்டம் பயன்படுத்தப் பார்த்தது. இறக்கை நுனிகளில் 2 பெரிய புரொப்பெல்லர்கள், நுனியில் எழும் காற்றுச் சுழலுக்கு எதிராகச் சுழலும். அதனால் இழுவை குறையும். முன்விளிம்பில் ஏறவும் இறங்கவும் மட்டும் 12 சிறியவை. அவை தரும் கூடுதல் தூக்குவிசையை நம்பி, திட்டத்துக்கு அடிப்படையாக எடுத்த விமானத்தின் இறக்கைப் பரப்பைப் பாதிக்கும் கீழே குறைத்திருந்தார்கள். 2023இல் பறக்காமலே திட்டம் முடிந்தது. ஆனாலும் அதன் வடிவமைப்புக் கட்டுரைகளைத் தேடிப் படியுங்கள், அவ்வளவு கற்றுத்தருபவை. நுனி மோட்டார் ஒன்று நின்றால் விமானம் எவ்வளவு வேகமாகத் திரும்பும் என்ற கேள்வியையும் கூடவே யோசியுங்கள்.

பின்னால் வைத்தால்? இறக்கைக்குக் கலங்காத காற்று, மூக்கில் கேமராவுக்கு இடம். நில அளவை ட்ரோனான ஈபீ இந்த வகைதான். இதற்குக் கொடுக்கும் விலை: இறக்கை கலக்கிய காற்றைப் புரொப்பெல்லர் வெட்டுவதால் இரைச்சல் ஏறும். ஆனால் கலங்காத காற்று எப்போதும் நல்லது என்று நினைத்துவிட வேண்டாம். மெதுவாகப் பறக்கும் சிறு இறக்கையில் காற்று சீக்கிரம் பரப்பைவிட்டுப் பிரியும். முன் புரொப்பெல்லரின் கலக்கல் சில சமயம் அதை ஒட்டிக்கொண்டு ஓட வைக்கும்.

எதை நம்புவது? அளவை. ஒரே இறக்கை, ஒரே மோட்டார், ஒரே எடை. புரொப்பெல்லரின் இடத்தை மட்டும் மாற்றுங்கள். பிட்டோ குழாய் காட்டும் ஒரே வேகத்தில், ஒரே உயரத்தில் நேராகப் பறக்க எத்தனை வாட் செலவாகிறது என்று பறப்புப் பதிவிலிருந்து எடுங்கள். காற்று அடங்கிய விடியற்காலையில், எதிரும் புதிருமாகப் பலமுறை. அந்த அளவுகளை வரைபடமாக்கி ஒரே தாளில் அச்சிட்டு, இன்டர்வியூ மேசையில் சான்றிதழ்களுக்கு முன்பாக வையுங்கள்.